வண்டியை உயர்த்துவதற்கு முன்: திருகோணமலையில் மாற்றியமைத்த வாகனத்தைச் சட்டப்படி ஓட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

மாரி தொடங்கினால் வெருகல் பக்கம் ரோட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடும். மூதூரில் வயல் செய்பவருக்கும், தம்பலகாமத்தில் வரம்போரம் நின்று நெல் மூட்டை ஏற்றுபவருக்கும், நிலாவெளி மணலுக்குள் இறங்கி மீன் பெட்டி எடுப்பவருக்கும் கொஞ்சம் உயரமான வண்டி தேவைதான். அதனால் இங்கே ஜீப்பையும் கெப் (பிக்கப்) வண்டியையும் உயர்த்துவதை வெறும் ஸ்டைல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடமும் கையில் இருந்த பழைய வண்டியைத்தான் எல்லாரும் வெட்டி, ஒட்டி, உயர்த்தி ஓட்டினார்கள். என் அத்தானும் அப்படித்தான்.

அவருடைய டபிள் கெப்புக்குப் புது ஸ்பிரிங், பெரிய டயர், கூரையில் எல்.ஈ.டி. லைட் எல்லாம் போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு இரவு கந்தளாயிலிருந்து திருகோணமலைக்கு வரும் வழியில் எருமை ஒன்று குறுக்கே வந்து மோதியது. ஆளுக்குச் சேதமில்லை, வண்டியின் முன்பக்கம் போய்விட்டது. காப்புறுதிக் கம்பனியிலிருந்து வந்தவர் உடைந்த பொனட்டை ஒரு நிமிடம்தான் பார்த்தார். பிறகு குனிந்து டயரில் இருந்த எழுத்தை வாசித்தார், சீ.ஆர். என்ற பதிவுச் சான்றிதழின் பிரதியை விரித்தார், ஒரு கேள்வி கேட்டார்: “இந்த மாற்றங்களை எங்களுக்கு எழுத்தில் அறிவித்தீர்களா?” அறிவிக்கவில்லை. எட்டு மாதம் அலைந்து, கேட்டதில் ஒரு பகுதிதான் கைக்கு வந்தது. “தம்பி, ஒரு கடிதம் எழுதியிருந்தால் முடிந்த வேலை” என்று அத்தான் இன்றைக்கும் சொல்வார்.

ரோட்டில் நிற்கிற வண்டியும் புத்தகத்தில் எழுதியிருக்கிற வண்டியும் ஒன்றாக இருக்க வேண்டும். இனி வரும் படிகள் எல்லாம் இதைச் சுற்றியவைதான்.

படி 1: புத்தகத்தை எடுத்து வாசியுங்கள்

நாங்கள் புத்தகம் என்று சொல்வது பதிவுச் சான்றிதழைத்தான், சீ.ஆர். என்றால் எல்லாருக்கும் தெரியும். விற்கும்போதும் வாங்கும்போதும் மட்டும் வெளியே எடுக்கிற கடதாசி. அதை மேசையில் விரித்து ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள். என்ஜின் நம்பர், செசி (அடிச்சட்டம்) நம்பர், வாகனத்தின் வகுப்பு, பொடியின் வகை, நிறம், ஆசனங்களின் எண்ணிக்கை, வெறும் எடை, மொத்த எடை, டயர் அளவு, நீளம், அகலம், உயரம் என்று வரிசையாக இருக்கும். லீசிங்கில் எடுத்த வண்டியென்றால் முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இருக்கும்.

இப்போது ஒரு பேனையை எடுத்து, நீங்கள் செய்ய நினைக்கும் வேலை இதில் எந்தக் கட்டத்தைத் தொடுகிறது என்று குறியுங்கள். என்ஜின் மாற்றினால் என்ஜின் நம்பர். கறுப்பு வண்டிக்குப் பச்சை அடித்தால் நிறம். வான் வண்டியில் இரண்டு சீட் கூடுதலாகப் பூட்டினால் ஆசன எண்ணிக்கை. பெரிய டயரும் வண்டியை உயர்த்தப் பூட்டும் லிப்ட் கிட்டும் டயர் அளவையும் உயரத்தையும் தொடும். இரும்பில் பெரிய பம்பர், வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச், கூரைச் சட்டம் எல்லாம் பூட்டினால் எடை. ஏதாவது ஒரு கட்டத்தைத் தொட்டால் அது உங்கள் வீட்டு விஷயமாக மட்டும் இருக்காது.

இதற்கெல்லாம் அடி 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம். பல தடவை திருத்தப்பட்டிருக்கிறது, 2009இல் வந்த 8ஆம் இலக்கத் திருத்தம் அதில் பெரியது. பதிவில் உள்ள விபரம் மாறினால் அதை மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்துவது உரிமையாளரின் பொறுப்பு. கராஜ்காரரின் பொறுப்பு இல்லை, விற்ற தரகரின் பொறுப்பும் இல்லை.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். யூடியூப் பார்த்துவிட்டு வருகிற தம்பிமார் வேறு நாட்டுச் சட்டத்தை இங்கே பேசுகிறார்கள். அவுஸ்திரேலியாவில் 50 மில்லிமீட்டர் வரை உயர்த்தினால் தனிச் சான்றிதழ் வேண்டாம் என்பது அந்த நாட்டு விதி. தயாரிப்பாளர் கொடுத்த விபரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தியாவில். இரண்டும் நிலாவெளி ரோட்டில் நிற்கிற பொலிஸ்காரரிடம் செல்லாது. “எத்தனை அங்குலம் உயர்த்தலாம்?” என்ற கேள்வியோடு தொடங்காதீர்கள். “என் புத்தகத்தில் என்ன இருக்கிறது, மோட்டார் வாகனப் பரிசோதகர் இதை ரோட்டுக்குத் தகுந்தது என்று கையெழுத்துப் போடுவாரா?” என்று தொடங்குங்கள்.

படி 2: வேலைகளை மூன்றாகப் பிரியுங்கள்

முதல் வகை, யாரிடமும் கேட்கத் தேவையில்லாதவை. சீட் கவர், ரேடியோ, ரப்பர் பாய், அதே அளவில் வேறு கம்பனி டயர், தேய்ந்த ஷொக் அப்சோபருக்குப் பதிலாக அதே உயரத்தில் தரமான புதியது. இவற்றுக்குப் பில்லை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது வகை, அனுமதியும் பரிசோதனையும் வேண்டியவை. என்ஜின் மாற்றம், எரிபொருள் மாற்றம், நிறம், பொடி, ஆசனம், வகுப்பு, சஸ்பென்ஷனை உயர்த்துதல், டயர் அளவை மாற்றுதல். இதில் வகுப்பு மாற்றத்தை லேசாக எடுக்காதீர்கள். லொறியாகப் பதிந்ததை ஆளும் சாமானும் ஏற்றுகிற டுவல் பேர்பஸ் வண்டி ஆக்குவது போன்றவை இறக்குமதி வரியோடும் சம்பந்தப்பட்டவை, வெறும் பொடி வேலை இல்லை.

மூன்றாவது வகை, யார் என்ன சொன்னாலும் தொடக்கூடாதவை. செசி நம்பரை அழிப்பது, வேறு வண்டியின் நம்பர் உள்ள துண்டை வெட்டி ஒட்டுவது, இரண்டு பாதி வண்டிகளை ஒன்றாக வெல்ட் பண்ணுவது, நம்பர் பிளேட்டை வளைப்பது, மறைப்பது. சைலன்சரைக் கழற்றி வெறும் குழாய் பூட்டுவதையும் இதே வரிசையில்தான் வைப்பேன். முதல் மூன்றுக்கும் தண்டப்பணத்தோடு விடமாட்டார்கள், குற்ற வழக்காகும்.

படி 3: உயர்த்துகிற வேலையைப் புரிந்துகொள்ளுங்கள்

சட்டம் ஏன் கேட்கிறது என்பது இந்தப் படியில்தான் விளங்கும். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு சின்னக் கணக்கு. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையிலான அகலத்தில் பாதியை எடுத்து, வண்டியின் எடை மையம் நிற்கிற உயரத்தால் வகுங்கள். உதாரணமாக அகலம் 150 சென்ரிமீட்டர் என்றால் பாதி 75. எடை மையம் நிலத்திலிருந்து 70 சென்ரிமீட்டரில் என்றால் விடை 1.07. வண்டியை 5 சென்ரிமீட்டர் உயர்த்தினால் அதே கணக்கு 1.00க்கு இறங்கும். இந்த எண் குறையக் குறைய வண்டி சீக்கிரம் கவிழும். ஹபரணையிலிருந்து கந்தளாய் வரும் ரோட்டில் இரவில் யானையைக் கண்டு சட்டென்று வெட்டித் திருப்பினவர்களுக்கு இதன் அர்த்தம் கணக்கில்லாமலே தெரியும். கூரையில் ஸ்பெயர் டயரும் தண்ணீர்க் கானும் ஏற்றினால் இன்னும் மோசம்.

அடுத்தது பிரேக். ஸ்பிரிங் உயர்ந்தால் சக்கரம் பொடியிலிருந்து கீழே தள்ளிப் போகும், ஆனால் பிரேக் எண்ணெய் போகிற குழாயான ஹோஸின் நீளம் அப்படியேதான் இருக்கும். சமதரையில் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. வண்டியை ஜக் அடித்துச் சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ஹோஸ் விறைத்து நின்றால் நீளமான ஹோஸ் போட்டே ஆக வேண்டும். கிண்ணியாவில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் நானா ஒருவர் ஹோஸை இரண்டு விரலால் பிடித்து நெம்பிப் பார்ப்பார். வளைய இடமிருந்தால்தான் சக்கரத்தைப் பூட்ட விடுவார். “தம்பி, இது நரம்பு மாதிரி. இழுபட்டால் ஒருநாள் அறும், எந்த நாள் என்றுதான் தெரியாது” என்பார்.

கெப் வண்டிக்காரர்கள் கவனிக்காத இன்னொன்று இருக்கிறது. பல கெப்களில் பின் அச்சுக்கு மேலே, பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. சின்னக் கம்பி ஒன்று அதை அச்சோடு இணைத்திருக்கும். பாரம் ஏறினால் பின்பக்கம் தாழும், வால்வு பின் பிரேக்கைக் கூட்டும். பின் ஸ்பிரிங்கை உயர்த்திவிட்டுக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், நெல் மூட்டை நிறைய இருந்தாலும் வண்டி வெறுமையாக நிற்கிறது என்றே அது நினைக்கும். பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். லிப்ட் கிட் பூட்டும் கராஜில் முதலில் இந்த வால்வைப் பற்றிக் கேளுங்கள். முழிக்கிறார் என்றால் வேறு கராஜ் பாருங்கள்.

முன்பக்கத்தில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டான சீ.வி. ஜொயின்ட் வளைகிற கோணம் கூடும், அலைன்மென்ட் மாறும், ஸ்டியரிங் நேர்க்கோட்டுக்குத் தானாக வருவது குறையும். நானா சொல்கிற அளவு 50 மில்லிமீட்டர், அதற்கு மேல் போனால் வேறு சாமான்களும் மாற்ற வேண்டி வரும் என்பார். என் அனுபவமும் அதுவே. செசிக்கும் பொடிக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்துகிற முறையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அதில் அடிப்பகுதி உயர்வதில்லை, பொடிதான் உயர்கிறது.

கடலோர ஊர் என்பதையும் மறக்க வேண்டாம். உப்பு வெல்டிங் செய்த இடத்தைத்தான் முதலில் தேடிப் போகும். சஸ்பென்ஷன் பாகத்தில் வெல்ட் அடிப்பதை எந்தப் பரிசோதகரும் விரும்பமாட்டார், நீங்களும் விரும்பாதீர்கள். போல்ட்டில் பூட்டுகிற, உற்பத்தியாளர் பெயரும் பாக எண்ணும் உள்ள கிட் வாங்குங்கள். அதன் பில் பின்னால் அலுவலகத்தில் தேவைப்படும்.

படி 4: டயர்

265/65 அளவு 17 அங்குல டயர் இங்கே ஓடும் நிறையக் கெப்களில் உண்டு. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பது. அதன் விட்டம் ஏறக்குறைய 776 மில்லிமீட்டர். அதை எடுத்துவிட்டு 285/70 போட்டால் 831. வித்தியாசம் 7 வீதம். அப்படியென்றால் மீற்றர் 70 காட்டும்போது நீங்கள் உண்மையில் 75இல் போகிறீர்கள். ஊருக்கு வெளியே கார், கெப்களுக்கு வேக எல்லை 70, ஊருக்குள் 50. பொலிஸின் ராடர் உங்கள் மீற்றரைப் பார்ப்பதில்லை. ஓடிய கிலோமீட்டரும் குறைவாகவே காட்டும், சேர்விஸ் பிந்தும்.

இவ்வளவுக்கும் நிலத்திலிருந்து அடிப்பகுதி உயர்வது விட்ட வித்தியாசத்தின் பாதி, 27 மில்லிமீட்டர்தான். டயர் பொடிக்கு வெளியே தள்ளி நிற்கக்கூடாது. கல்லும் சேறும் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரரின் முகத்தில்தான் அடிக்கும். வெளியே தள்ளி நிற்கிற வண்டியைத் தூரத்திலிருந்தே பார்த்துக் கை காட்டி நிறுத்துவார்கள்.

படி 5: ஹெட்லைட்டைச் சுவரில் பாருங்கள்

மற்றவர்களுக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் இதில்தான், செலவில்லாமல் சரிசெய்யக் கூடியதும் இதுதான்.

மாலையில் இருட்டத் தொடங்கியதும் சமதரையில், ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டயரில் காற்றுச் சரியாக இருக்க வேண்டும், ஓட்டுநர் சீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். ஹெட்லைட்டின் நடு நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப்பால் அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு போடுங்கள். அதற்கு 5 சென்ரிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம் லைட்டைப் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ்க்கோட்டில் நிற்க வேண்டும். கராஜ்களில் பின்பற்றுகிற அளவு இதுதான், நூற்றுக்கு ஒன்று சரிவு.

உயர்த்திய வண்டியில் இது எப்படிப் பிசகும்? ஒரு ஹைலக்ஸின் முன், பின் அச்சுகளுக்கு இடைத்தூரம் 3,085 மில்லிமீட்டர். பின்பக்கத்தைவிட முன்பக்கம் 30 மில்லிமீட்டர் கூடுதலாக உயர்ந்தால் போதும், அந்த நூற்றுக்கு ஒன்று சரிவு முழுதாகக் காணாமல் போய்விடும். டிம் லைட்டே ஹை லைட் மாதிரி எதிரே வருபவரின் கண்ணில் நிற்கும். அத்தானின் வண்டியை உப்புவெளி வீட்டு மதிலில் இப்படிப் பார்த்தபோது வெளிச்சம் மேல்கோட்டையும் தாண்டி, பக்கத்து வீட்டு மாமரத்தில் விழுந்தது. ஆறு மாதமாக எதிரே வந்தவர்களின் கண்ணைக் கூசவைத்தபடிதான் அவர் ஓட்டியிருக்கிறார். ஹெட்லைட்டுக்குப் பின்னால் உள்ள ஸ்க்ரூவைத் திருப்பப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஹலோஜன் பல்ப்புக்கென்று செய்த ஹெட்லைட்டில் எல்.ஈ.டி. பல்ப் போடாதீர்கள், வெளிச்சம் சிதறும். கூரை லைட் கட்டைகளைப் பொது ரோட்டில் எரியவிடாதீர்கள், உறை போட்டு மூடிவையுங்கள், முடிந்தால் கழற்றிவையுங்கள். முன்னால் சிவப்பு எரியக்கூடாது. நீலமும் சிவப்புமாக மின்னுகிற லைட் அம்புலன்ஸுக்கும் பொலிஸுக்கும் உரியது.

படி 6: ஹோர்ன், சைலன்சர், கண்ணாடி, பம்பர்

ஹோர்னுக்கு இலங்கையில் அளவு உண்டு. சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த ஒழுங்குவிதிப்படி 2 மீட்டர் தூரத்தில் 105 டெசிபல், 7 மீட்டரில் 93. அதற்கு மேல் போகக்கூடாது. பாட்டுப் பாடுகிற, பல சுரத்தில் ஊதுகிற ஹோர்னைக் கழற்றிவிடுங்கள். முன் கண்ணாடியிலும் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியிலும் கறுப்பு ஸ்டிக்கர் வேண்டாம். இரவில் உங்களுக்கே வெளியே தெரியாது. இரும்பு புல் பார் பூட்டினால் அது நம்பர் பிளேட்டையோ சிக்னலையோ மறைக்கக்கூடாது, கூர் முனைகள் இருக்கக்கூடாது. நம்பர் பிளேட் முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் கொடுத்தது மட்டும். ஸ்டைல் எழுத்தில் அடித்துத் தருகிறவர்களிடம் போகாதீர்கள்.

ஓட்டோ அண்ணாமாருக்கு ஒரு வார்த்தை. 2025 ஜனவரியில் அரசின் கிளீன் ஸ்ரீலங்கா வேலைத்திட்டத்தோடு பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்றச் சொல்லிப் பொலிஸ் இறங்கியது, சங்கங்கள் எதிர்த்தன, பிறகு கால அவகாசம் கொடுத்தார்கள். சாமிப் படத்தையும் சீட் பூவேலையையும் பற்றி ஊரில் ஆயிரம் கருத்து இருக்கலாம். ஆனால் கண்ணாடியை மறைக்கிற மாலை, கண்ணைக் கூசுகிற லைட், வெளியே நீண்டு நிற்கிற கம்பி ஆகிய மூன்றையும் நீங்களே கழற்றிவிட்டால் மிச்சத்துக்கு வாதாட உங்களுக்கு இடம் இருக்கும்.

படி 7: அலுவலக வேலை

இதற்குத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். வரிசைப்படி போனால் பயப்பட ஒன்றுமில்லை.

முதலில், கராஜுக்குப் போகும் முன்பே, மாவட்ட மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். சீ.ஆர். பிரதியும், செய்ய நினைக்கும் வேலையை எழுதிய ஒரு தாளும், கிட்டின் விபரமும் கையில் இருக்கட்டும். எந்த மாற்றத்தை இங்கேயே பார்க்கலாம், எதற்குக் கொழும்பில் நாரஹேன்பிட்டி அலுவலகத்துக்கோ வேரஹெர அலுவலகத்துக்கோ போக வேண்டும் என்று சொல்வார்கள். வெட்டின பிறகு கேட்டால் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், வெட்டின இரும்பு திரும்ப ஒட்டாது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

லீசிங் வண்டியென்றால் கம்பனியின் சம்மதக் கடிதம் இல்லாமல் அடுத்த அடி வைக்க முடியாது. சட்டத்தின் கண்ணில் முழு உரிமையாளர் அவர்கள்தான்.

பிறகு வேலையைச் செய்யுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள். பூட்டும் முன் ஒன்று, பூட்டிய பின் ஒன்று, பாக எண் தெரிகிற மாதிரி ஒன்று. என்ஜின் மாற்றினால் அந்த என்ஜின் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் பில்லும் இறக்குமதிக் கடதாசியும் முக்கியம். அது இல்லாத என்ஜினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது மோட்டார் வாகனப் பரிசோதகர் முன் வண்டியை நிறுத்துவது. அதற்கு முதல்நாள் அடிப்பகுதியை நன்றாகக் கழுவுங்கள். செசி நம்பர் உள்ள இடத்தைத் தேடித் துருவைத் துணியாலும் கொஞ்சம் டீசலாலும் மெதுவாகத் துடையுங்கள். வயர் பிரஷ், கிரைண்டர் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. அத்தானின் வண்டியைப் பிறகு ஒழுங்காகப் பதிவு செய்யப் போனபோது பரிசோதகர் டோர்ச்சோடு குனிந்து, நம்பரில் ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவி, சீ.ஆரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஓர் எழுத்து துருவில் மங்கியிருந்தது. அந்த ஓர் எழுத்துக்காக இன்னொரு நாள் வரச் சொன்னார். கடற்கரையில் வண்டி வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது அந்த இடத்துக்குக் கிரீஸ் பூசிவிடுங்கள்.

பரிசோதகர் சரி என்று அறிக்கை கொடுத்தால் அதோடு விண்ணப்பம், அடையாள அட்டைப் பிரதி, மூலச் சீ.ஆர்., பில்கள், கட்டணம் எல்லாம் சேர்த்துக் கொடுத்துத் திருத்திய சீ.ஆரைப் பெறுங்கள். ஒப்படைத்த ஒவ்வொன்றுக்கும் பிரதி எடுத்து, ரசீதை அதோடு சேர்த்துக் குத்திவையுங்கள். சரியில்லை என்று சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அனேகமாக லைட்டோ டயரோதான் இருக்கும், திருத்திக்கொண்டு மறுபடி போகலாம்.

படி 8: காப்புறுதிக்கு ஒரு கடிதம்

மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் ரோட்டில் ஏறவே முடியாது. முழுக் காப்புறுதி எடுத்தவர்கள், வண்டியில் முக்கியமான மாற்றம் ஏதும் செய்தால் கம்பனிக்கு அறிவிக்க வேண்டும். ஏஜென்டிடம் போனில் சொல்வது போதாது, ஏஜென்ட் மாறிப் போவார். என்ன மாற்றம், எந்தத் தேதி, எவ்வளவு செலவு என்று ஒரு பக்கத்தில் எழுதி, போட்டோவும் பில்லும் இணைத்து, பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். “ஏற்றுக்கொண்டோம்” என்று எழுத்தில் பதில் வரும்வரை விடாதீர்கள். பூட்டிய சாமானின் பெறுமதியையும் காப்புறுதித் தொகையில் சேர்க்கச் சொல்லுங்கள். தவணைப் பணம் கொஞ்சம் கூடலாம். அத்தானுக்கு எட்டு மாதத்தில் பஸ் காசாகப் போனதே அதைவிடக் கூட.

படி 9: வருடாந்த வேலை

வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் வேண்டும். டவுனில் இருப்பவர்கள் ‘பட்டணமும் சூழலும்’ என்ற பிரதேச செயலகத்தில் எடுக்கலாம், இணையத்திலும் எடுக்கலாம். என்ஜினில் கை வைத்தவர்களுக்கு, பம்பைத் திருகி டீசலைக் கூட்டியவர்களுக்கு, புகைப் பரிசோதனையில் உண்மை தெரிந்துவிடும். பஸ், லொறிக்காரர்களுக்குத் தகுதிச் சான்றிதழும் உண்டு.

படி 10: ரோட்டில் நிறுத்தினால்

ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வருமானப் பத்திரம் மூன்றையும் கொடுங்கள். திருத்திய சீ.ஆரின் பிரதியும் பரிசோதகர் அறிக்கையின் பிரதியும் டாஷ்போர்ட்டில் இருந்தால் பேச்சு அங்கேயே முடிய வாய்ப்பு உண்டு. வாக்குவாதம் வேண்டாம். “ஐயா, எந்தப் பாகம் பிழை என்று எழுதித் தாருங்கள்” என்று மட்டும் கேளுங்கள். தண்டப்பத்திரம் எழுதினால் 14 நாளுக்குள் தபாலகத்தில் கட்டிவிடுங்கள். அது தாண்டினால் இரட்டிப்பாகும், 28 நாளும் தாண்டினால் நீதிமன்றம். வண்டியே ரோட்டுக்குத் தகுதியில்லை என்று பரிசோதகருக்கு அனுப்பினால், குறை திருத்தி அவர் விடுவிக்கும்வரை ஓட்டாதீர்கள். அந்த இடைவெளியில் விபத்து நடந்தால் உங்கள் பக்கம் பேச ஒருவரும் வரமாட்டார்கள்.

படி 11: ஏற்கெனவே உயர்த்திய வண்டியை வாங்குவதென்றால்

இங்கே நிறையப் பேர் ஏமாறுவது இதில்தான். கொழும்பிலிருந்தும் குருநாகலிலிருந்தும் அழகாக நிற்கிற வண்டி வரும், புத்தகத்தில் பழைய நிறம், பழைய என்ஜின். “பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்பார் விற்பவர். மாற்றித் தந்துவிட்டுப் பணத்தை வாங்கட்டும். முற்பணம் கொடுக்கும் முன் ஒரு வெள்ளைத் தாளைச் செசி நம்பரின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். எழுத்துகளின் இடைவெளி ஒரே மாதிரி இருக்கிறதா, ஓர் எழுத்து மட்டும் ஆழமாகவோ சரிந்தோ இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள். சுற்றிப் புதுப் பெயின்ட், அரைத்த தடம், வெல்டிங் கோடு எது தெரிந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பிறகு பழைய ஸ்பிரிங், பழைய டயர் இருக்கிறதா என்று கேளுங்கள். வைத்திருப்பவர் என்றால் அவற்றையும் சேர்த்து விலை பேசுங்கள், பரிசோதகர் மறுத்தால் பழையபடி ஆக்க அவைதான் உதவும்.

எல்லாம் முடிந்து புதுச் சீ.ஆரோடு வீடு வந்தபின் ஒரு வேலை மிச்சமிருக்கும். புது சஸ்பென்ஷன் பூட்டி 500 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகள் கொஞ்சம் தளரும். மூதூருக்குப் பல தடவை போய்வந்தால் அந்தத் தூரம் வந்துவிடும். அன்றைக்குக் கராஜுக்குப் போய் ஒவ்வொரு போல்ட்டையும் டோர்க் ஸ்பானரால் இறுக்கி, தலையில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடச் சொல்லுங்கள். கோடு விலகினால் அடுத்த தடவை குனிந்து பார்க்கும்போதே தெரிந்துவிடும். அதே நாள் மாலை ஹெட்லைட்டையும் ஒரு தடவை மதிலில் பாருங்கள். ஸ்பிரிங் படிந்து, வெளிச்சம் கொஞ்சம் மாறியிருக்கலாம்.